‘எல்லாமே முதல்தான்’ என்று சொன்னவர்

செய்தி வந்தபோது நான் அதைத் தாண்டிப் போய்விட்டேன். கூட்டமைப்பின் வாட்ஸ்அப் குழுவில் காலையிலிருந்து கும்பிடும் கைகளாக வந்து விழுந்துகொண்டிருந்தன. அந்தக் குழுவில் அது வழக்கம்தான். யாராவது மனு கொடுத்த படத்தைப் போடுவார்கள், கீழே எல்லோரும் கும்பிடுவார்கள். குப்பை வண்டி வந்தாலும் கும்பிடு, வராவிட்டாலும் கும்பிடு. நான் புதுச்சேரிப் பக்கம் ஒரு பாலத்து வேலையில் இருந்தேன். கான்கிரீட் லாரி வரவில்லை என்று யாரையோ திட்டிக்கொண்டே திரையை விரலால் தள்ளிவிட்டு போனைப் பைக்குள் போட்டேன்.

மதியம் ஹாஜா பாய் கூப்பிட்டார். பரங்கிப்பேட்டையில் டிராவல்ஸ் வைத்திருப்பவர். எப்போதும் ஒரு கிண்டல் அடித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார். அன்று அது இல்லை.

“தம்பி, எங்க இருக்கீங்க? லிங்கம் மாமா மவுத்தாயிட்டாரு. குரூப்ல பாக்கலியா?”

எடுத்து மேலே தள்ளிப் பார்த்தேன். அத்தனை கும்பிடுகளுக்கும் மேலே மரணச் செய்தியும் மாமாவின் படமும் இருந்தன. ஏதோ மனு கொடுக்கும்போது எடுத்த படத்திலிருந்து முகத்தை மட்டும் வெட்டிப் போட்டிருந்தார்கள். அவர் தோள்மேல் வேறொருவருடைய கை பாதி தெரிந்தது. தனியாக எடுத்த ஒரு படம்கூட அந்த மனிதருக்குக் கிடைக்கவில்லை.

இந்த நினைவு மலரைப் படிக்கும் உங்களில் பெரும்பாலோருக்கு வைத்தியலிங்கத்தை என்னைவிட அதிக காலம் தெரியும். சிதம்பரம் மேலவீதியில் பெயிண்ட் கடை வைத்திருந்தார். பிச்சாவரம் பக்கம் நெல் விதைத்த குடும்பம், இவர் தலைமுறையில் கடைக்கு வந்துவிட்டது. கடலூர், சிதம்பரம் வட்டாரத்துச் சங்கங்கள் எல்லாம் சேர்ந்த நம் கூட்டமைப்புக்கு அவர்தான் ஒருங்கிணைப்பாளர். நாடாளுமன்றம் கூடும்போதெல்லாம் வியாபாரிகள், விவசாயிகள், ரயில் பயணிகள், குடியிருப்போர், மீனவர் என்று ஒரு கும்பலைக் கூட்டிக்கொண்டு தில்லிக்குப் போவார். உறுப்பினர்களைப் பார்த்து ஊர்க் கோரிக்கைகளைச் சொல்லிவிட்டு வருவார். இதையெல்லாம் மற்றவர்கள் எழுதுவார்கள். ‘அயராது உழைத்தார்’ என்றும் எழுதுவார்கள். அயர்ந்துதான் போயிருந்தார். கடைசி வருஷத்தில் நான் அதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

அவரை முதலில் பார்த்தது மஞ்சக்குப்பத்தில், ஒரு கல்யாண மண்டபத்து மாடி அறையில். கூட்டமைப்பின் கூட்டம். குடியிருப்போர் சங்கத்தில் இருக்கும் என் அப்பா, ‘பையன் கடற்கரைக் கட்டுமானத்துல மேல்படிப்பு படிச்சிருக்கான்’ என்று காட்டுவதற்காக என்னை இழுத்துப் போயிருந்தார். அங்கே ஒருவர் கோரிக்கைகளை வாசித்தார். ‘வெள்ளாற்று முகத்துவாரத்தில் தூண்டில் வளைவு அமைத்துத் தர வேண்டும்’ என்று ஒரு வரி. அவ்வளவுதான். நான் எழுந்துவிட்டேன்.

“எந்தப் பக்கம் அமைக்கணும்? எவ்ளோ தூரம்? வருஷத்துல முக்காவாசி நாளு மணலு தெற்கேருந்து வடக்க நகருது. கல்ல கொட்டி அத மறிச்சா வடக்க இருக்கற ஊரு கரைய கடல் தின்னுடும். இது மனுவா, ரெண்டு ஊருக்கு நடுவுல சண்ட மூட்டி விடற வேலையா?”

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். மேடையில் இருந்த லிங்கம் மாமா சிரித்தார். “வடக்க இருக்கறவங்களும் நம்ம ஆளுங்கதான. ரெண்டு ஊரும் பொழைக்கற மாரி நீங்களே எழுதிக் குடுத்துடுங்க தம்பி” என்றார். குத்திக்காட்டுகிறார் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் எங்கள் வீட்டு வாசலில் ஸ்கூட்டரோடு நின்றார்.

“எழுதிட்டீங்களா?”

“ஒரு நாள்ல எழுதற விஷயமா சார் இது? எடத்தையே நான் பாத்ததில்ல.”

“அப்ப ஏறுங்க, பாத்துடுவோம்.”

பரங்கிப்பேட்டைக்கு அப்பால் அந்த மீனவ கிராமத்துக்கு அன்றைக்குத்தான் போனேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆற்றில் தண்ணீர் குறைந்தால் கடல் மணலைக் கொண்டுவந்து முகத்துவாரத்தில் திட்டாகத் தட்டிவிடுகிறது. திட்டுக்கு நடுவே ஒரு சந்து மட்டும் மிஞ்சும். அந்தச் சந்தில்தான் அலையும் உடைகிறது, அதன் வழியாகத்தான் படகும் உள்ளே வரவேண்டும். நேராக வந்தால் பிழைக்கலாம். அலை ஒரு தட்டுத் தட்டிப் படகு குறுக்கே திரும்பினால் கவிழும். இரண்டு பக்கமும் முறையாகக் கல் கொட்டித் தூண்டில் வளைவைக் கடலுக்குள் நீட்டினால் ஆற்று நீர் ஒரே வேகத்தில் ஓடி மணலைத் தள்ளிவிடும். வடக்குக் கரைக்கு மட்டும் அவ்வப்போது மணலை எடுத்துக் கொட்டித் தரவேண்டும். பொறியியலில் இது புதிரே இல்லை. எனக்கு எரிச்சல் வருவதும் அதனால்தான்.

கரையில் மீனவர் சங்கத்துக் குழந்தைவேல் நின்றிருந்தார். பக்கத்தில் ஐஸ் பெட்டிமேல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். பெயர் பூவரசி. பரங்கிப்பேட்டை மார்க்கெட்டில் மீன் விற்பவர். முந்தின மழைக்கு அவர் கணவர் அந்தச் சந்தில்தான் செத்துப்போனார். கவிழ்ந்த படகைப் பழுது பார்த்து, மகன் சேகர் இப்போது அதே படகில் அதே சந்து வழியாகப் போய்வருகிறான்.

“என்னாண்ணே, இந்த தம்பிதான் கல்லு கொட்டப் போவுதா?” என்று பூவரசி கேட்டார்.

“இவரு கணக்குப் போடுவாரும்மா. கொட்டறது நாம கேட்டு வாங்கணும்.”

கிளம்பும்போது குழந்தைவேல்தான் என்னிடம் தனியாகச் சொன்னார். கணவரை அடக்கம் செய்த அன்று லிங்கம் மாமா பூவரசியிடம், ‘அடுத்த மழைக்குள்ள கல்லு கொட்ட வச்சிடறேன்’ என்று சொல்லிவிட்டாராம். திரும்பும் வழியில் ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டிருந்தவரின் முதுகைப் பார்த்துக் கேட்டேன்.

“சார், உங்களுக்கு யாரு அந்த அதிகாரம் குடுத்தது?”

“யாரும் குடுக்கல. அந்தம்மா அழுவல, சும்மா பாத்துகினு இருந்துச்சி. வாயில வந்துடுச்சி.”

“வாயில வந்தத எப்படிக் கட்டறது?”

“அதுக்குத்தான தம்பி உங்கள கூட்டிகினு வந்தன்.”

தை மாதம் தொடங்கிய பட்ஜெட் கூட்டத்தொடருக்கு நானும் தில்லிக்குப் போனேன். நம் கூட்டமைப்பின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். சொந்தச் செலவில் ஆள் அனுப்பும் எந்தச் சங்கமானாலும் அதன் கோரிக்கை மனுவில் ஏறும். எந்தச் சங்கம் முதலில் சேர்ந்ததோ அதற்கு முதல் பக்கம். மீனவர் சங்கம்தான் கடைசியாகச் சேர்ந்தது. எனவே முகத்துவாரம் கடைசிப் பக்கத்தில் இருந்தது. ‘உயிர் போற விஷயம் கடைசியிலயா?’ என்று நான் கேட்டதற்கு, ‘மூத்த சங்கத்த பின்னாடி தள்ள முடியுமா தம்பி’ என்றார் மாமா. அதற்குள் எனக்கும் அவர் மாமா ஆகியிருந்தார்.

வேட்டிமேல் தடித்த ஸ்வெட்டர், காதை மூடிய மஃப்ளர், கையில் பண்ருட்டி முந்திரி டப்பாக்கள், நடராஜர் கோவில் விபூதிப் பொட்டலம், பொன்னாடைகள். தில்லிக் குளிரில் அந்த ஊர்வலத்தோடு நடக்க எனக்கு வெட்கமாக இருந்தது. நாங்கள் பார்க்கப் போனவர் வடக்கே ஏதோ மாநிலத்து உறுப்பினர். மீன்வளம் சம்பந்தமான நாடாளுமன்றக் குழுவில் இருந்தார். அவர் குழுவில் ஒரு வார்த்தை சொன்னால் ஆய்வுக்கு ஆள் வரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். வளைகுடாவில் இருந்து வந்த ஹாஜா பாய்க்கு இந்தி சரளம். அவர்தான் பேசினார். அவருடைய கோரிக்கை பரங்கிப்பேட்டையில் எக்ஸ்பிரஸ் ரயில் நிற்கவேண்டும் என்பது.

உறுப்பினர் நல்ல மனிதர்தான், குறை சொல்லமாட்டேன். டீ கொடுத்தார். மனுவை விரலால் புரட்டினார், பாதியில் நிறுத்தினார், ஏதோ கேட்டார். ஹாஜா பாய் மாமா பக்கம் திரும்பினார்.

“இவ்ளோ இருக்கே, இதுல எது மொதல்ல வேணும்னு கேக்கறாரு மாமா.”

 நாங்கள் அத்தனை தூரம் போனதே அந்தக் கேள்விக்காகத்தான். கதவோரம் நாற்காலி இல்லாமல் நின்ற குழந்தைவேல் மாமாவையே பார்த்தார். விவசாயச் சங்கத்துப் பெரியவர் பார்த்தார், வியாபாரிகள் பார்த்தார்கள், ஹாஜா பாயும் பார்த்தார். மாமா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

“எல்லாமே முதல்தான்னு சொல்லுங்க பாய்.”

“மாமா, ஒண்ணு சொல்லுங்க மாமா” என்றார் ஹாஜா பாய் மெல்ல.

“எல்லாமே முதல்தான்.”

ஹாஜா பாய் சொன்னார். உறுப்பினர் சத்தமாகச் சிரித்து, ஏதோ சொல்லி, எழுந்து கைகொடுத்தார். அவர் சிரித்ததால் எங்கள் ஆட்களும் சிரித்தார்கள். பொன்னாடை போர்த்தினோம், படம் எடுத்தோம். வெளியே வந்ததும் அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன். ‘ரொம்ப ஒத்துமையான ஊருன்னு சொன்னாரு’ என்றார் ஹாஜா பாய்.

திரும்பி வரும் ரயிலில் மாமாவிடம் சண்டை போட்டேன். மற்றவர்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள்.

“எங்க வலிக்குதுன்னு டாக்டர் கேக்கறாரு, உடம்பு பூரா வலிக்குதுன்னா ஒரு பாராசிட்டமால எழுதிக் குடுத்து அனுப்பிடுவாரு மாமா. அதத்தான் நீங்க வாங்கிகினு வரீங்க.”

“ஹாஜா பாய் ஊரு புள்ளைங்க ஏர்போர்ட் போறதுக்குப் பொட்டியத் தூக்கிகினு சிதம்பரம் போயி ரயிலு ஏறுதுங்களே, அது பொய்யா?”

“பொய் இல்ல.”

“வடிகால் இல்லாம வருஷா வருஷம் நெல்லு அழுவுதே, அது பொய்யா?”

“இல்ல.”

“அப்பறம் எவன் பக்கத்த கிழிக்கச் சொல்றீங்க? ஒருத்தர் மனச நோவடிச்சிட்டு அந்தப் பக்கத்து சீட்டுல ஒக்காந்து ஊரு வரைக்கும் வரணும் தம்பி.”

“உயிர் போறத மொதல்ல சொல்லணும் மாமா. மத்ததெல்லாம் அப்பறம். இதுல மனசுக்கு என்னா எடம்?”

அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் சொன்னது தப்பு என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கும் தப்பு என்றுதான் நினைக்கிறேன். செத்தவர் என்பதற்காக மாற்றிச் சொல்ல எனக்கு வராது.

சென்னையில் வண்டி மாறி வந்தபோது மாமா சிதம்பரம் வரை போகவில்லை. கடலூர் முதுநகர் ஜங்ஷனிலேயே இறங்கினார். பெட்டி, ஸ்வெட்டர், மிச்சமிருந்த விபூதி எல்லாவற்றோடும் பரங்கிப்பேட்டை பஸ்ஸைத் தேடிப் போனார். கதவில் நின்ற ஹாஜா பாய் கத்தினார். “அந்த ஸ்டாப்பிங்க வாங்கியிருந்தா நீங்களும் எங்க ஊர்லயே சொகுசா எறங்கலாம்ல மாமா!” மாமா சிரித்துக்கொண்டே கையாட்டினார். குழந்தைவேலும் அவரோடு போனார். என்ன சொல்லிச் சமாளிக்கப் போகிறார் என்று பார்க்கலாமென்ற கோபத்தில் நானும் போனேன்.

அவர் சமாளிக்கவே இல்லை. கரையில் பெட்டியை மணலில் வைத்தார். பூவரசியிடம் போய், “ஒண்ணும் நடக்கலம்மா. பாத்தோம், குடுத்தோம், ஒண்ணும் நடக்கல” என்றார்.

பூவரசி மணலில் இருந்த பெட்டியைப் பார்த்தார். பிறகு, “வூட்டுக்குப் போவலியாண்ணே? பொட்டியோட வந்திருக்க?” என்று கேட்டார்.

“போறன்மா.”

ஆனால் போகவில்லை. அங்கேயே நின்றார். நான் இரண்டு தடவை போனை எடுத்துப் பார்த்தேன், பஸ் நேரத்தைச் சொன்னேன். அவர் அசையவில்லை. படகுகள் ஒவ்வொன்றாக அந்தச் சந்துக்கு வந்தன. ஒவ்வொரு படகும் வெளியே கொஞ்சம் நின்று, அலையைப் பார்த்து, சட்டென்று உள்ளே பாய்ந்தது. சேகரின் படகு வந்தபோது பூவரசி எழுந்து நின்றார். படகு உள்ளே வந்ததும் உட்கார்ந்துகொண்டார். அப்புறம்தான் மாமா பெட்டியை எடுத்தார்.

“சொல்லியாச்சில்ல மாமா, அப்பறம் எதுக்கு இவ்ளோ நேரம் நின்னீங்க?” என்று பஸ்ஸில் கேட்டேன்.

“கெட்ட சேதிய சொல்லிட்டு ஒடனே கெளம்பக்கூடாது தம்பி. அவுங்க கண்ணுல படறாப்புல கொஞ்ச நேரம் நிக்கணும். திட்டணும்னு தோணுச்சின்னா அங்க ஆளு இருக்கணும்ல.”

ஒவ்வொரு தில்லிப் பயணத்துக்குப் பிறகும் அவர் இதையே செய்திருக்கிறார் என்று குழந்தைவேல் பிறகு சொன்னார். மனு கொடுத்த படம் பேப்பரில் வரும். அதைப் பார்த்து ஊர்க்காரர்கள் நம்பத் தொடங்குவதற்கு முன்னால் இவர் போய் ‘ஒண்ணும் நடக்கல’ என்று சொல்லிவிடுவார்.

அடுத்த மழையும் வந்தது. கல் வரவில்லை. சேகரின் படகு அந்தச் சந்தில் ஒருநாள் கவிழ்ந்தது. பின்னால் வந்த படகுக்காரர்கள் அவனை முடியைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். தோள்பட்டை இறங்கிவிட்டது, உயிர் தப்பித்தான். கட்டுப் பிரித்ததும் மறுபடி கடலுக்குப் போனான். வேறு என்ன செய்வான்?

படகு கவிழ்ந்த அன்று மாலையே மாமா போன் செய்தார். “தம்பி, நீங்க சொன்ன மாரியே செய்வோம். இந்தத் தடவ ஒண்ணே ஒண்ணு.”

மஞ்சக்குப்பத்து மாடி அறையில் அவர் அதை அறிவித்தபோது உங்களில் பலர் இருந்தீர்கள். யாரும் எதிர்க்கவில்லை. ‘நல்ல முடிவு’ என்றுகூட ஒருவர் சொன்னார். ஹாஜா பாய் மட்டும் கேட்டார்.

“மாமா, நம்ம ஸ்டாப்பிங் பத்தி ஒரு வரி? ஓரத்துல சின்னதா?”

“இந்த ஒரு தடவ வேணாம் பாய்.”

“அப்ப நான் எதுக்கு? முந்திரி டப்பா தூக்கவா?”

எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் வரிசையாகக் காரணங்கள் வந்தன. ஒருவருக்குக் கடையில் ஆள் இல்லை, ஒருவர் வீட்டில் நிச்சயதார்த்தம், ஒருவருக்கு அறுவடை. எதுவும் பொய் இல்லை. வர முடியாது என்று ஒருவர்கூட வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் ரயில் புறப்படும்போது நாங்கள் மூன்று பேர் மட்டும் இருந்தோம். மாமா, குழந்தைவேல், நான்.

அதே உறுப்பினர், அதே அறை. இந்தத் தடவை எல்லோருக்கும் நாற்காலி இருந்தது. அவர் மாமாவை அடையாளம் கண்டுகொண்டார். பிறகு கதவைப் பார்த்தார், இன்னும் ஆட்கள் வருவார்கள் என்பதுபோல. இந்தி பேச ஹாஜா பாய் இல்லாததால் என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார். ‘போன தடவை ஒரு பஸ் கூட்டம் வந்ததே, மற்றவர்கள் எங்கே? இது உங்கள் ஊர் முழுவதற்கும் வேண்டியதுதானா, அல்லது ஒரு கிராமத்து விஷயமா?’

நான் விளக்கினேன். வரைபடத்தை விரித்தேன், மணல் எந்தப் பக்கம் நகரும் என்று காட்டினேன், வடக்கு ஊருக்கு என்ன செய்யவேண்டும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். தெளிவாகத்தான் சொன்னேன். அவருக்கும் புரிந்தது. புரிந்த பிறகு சொன்னார்: மாநிலத்திலிருந்து கருத்துரு வரட்டும், சுற்றுச்சூழல் அனுமதி வரட்டும், உங்கள் மாவட்டமே ஒரே குரலில் கேட்கட்டும், அப்போது பேசலாம்.

போன தடவை மாவட்டமே வந்தது, கோரிக்கை காணாமல் போனது. இந்தத் தடவை கோரிக்கை வந்தது, மாவட்டம் காணாமல் போனது. எந்தக் கணக்கையும் ஒரு வழியில் போட்டு வராவிட்டால் இன்னொரு வழியில் போட்டால் வரும் என்றுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இது வரவே வராத கணக்கு.

எழுந்தபோதுதான் அதுவரை பேசாத மாமா பேசினார். “ஐயா, ஒரு பொம்பளைக்கி வாக்கு குடுத்துட்டன். அவுங்க புள்ள தெனமும் அது வழியாத்தான் வரான்.” நான் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். உறுப்பினர், ‘நிச்சயமாக, நிச்சயமாக’ என்று மாமாவின் தோளில் கைபோட்டுப் படத்துக்கு நின்றார். மாமாவின் மரணச் செய்தியில் பாதியாகத் தெரிந்த கை அவருடையதுதான்.

அந்தப் பயணம் முடிந்தும் மாமா முதுநகரில் இறங்கிக் கரைக்குப் போனார். நான் போகவில்லை. வேலை இருந்தது.

அதற்குப் பிறகு அவர் கூட்டங்களில் குறைவாகப் பேசினார். உறுப்பினரின் உதவியாளருக்கு மட்டும் விடாமல் போன் போட்டுக்கொண்டிருந்தார், என்னைவிட்டு ஆங்கிலத்தில் பேசச்சொல்லி. ஒருநாள் உதவியாளர், ‘ஐயா இப்போது அந்தக் குழுவில் இல்லை, வேறு குழுவுக்கு மாறிவிட்டார், நீங்கள் புதியவரைப் பாருங்கள்’ என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். நான் மாமாவுக்குப் போன் செய்தேன். கடையில் பெயிண்ட் கலக்கும் இயந்திரத்தின் சத்தம் கேட்டது.

“மறுபடியும் மொதல்லேருந்தா தம்பி?”

“ஆமா மாமா.”

இயந்திரம் நின்ற பிறகு சொன்னார். “சரி. நான் நாளைக்கி கரைக்குப் போயி சொல்லிட்டு வந்துடறன். அவுங்க நெனச்சிகினு இருப்பாங்க.”

மறுநாள் காலையில் கடையைத் திறந்து, பையனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்குக் கிளம்பியவர் படியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார் என்று சொன்னார்கள். அந்தக் காலையில்தான் நான் கும்பிடுகளைத் தாண்டிப் போனேன்.

மஞ்சக்குப்பத்தில் நாம் நடத்திய இரங்கல் கூட்டத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நல்ல கூட்டம். அவர் உயிரோடு கூப்பிட்டபோது வர நேரமில்லாத எல்லோரும் வந்திருந்தோம். சிதம்பரத்தில் ஒரு சாலைக்கு அவர் பெயரை வைக்கவேண்டும் என்று தீர்மானம் போட்டு, அதை அடுத்த மனுவில் சேர்ப்பதென்று கைதட்டி முடிவு செய்தோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹாஜா பாய் என் காதருகே குனிந்தார்.

“மாமாவையும் மனுவுல ஏத்திட்டாங்க தம்பி. இனிமே அவரும் நடக்க மாட்டாரு.”

சொல்லிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார். “அன்னிக்கி நான் போயிருக்கணும். அந்தாளு கிட்ட இந்தியில நாலு வார்த்த சொல்லியிருப்பன்” என்றார். போயிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது பாய் என்றேன். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, உண்மை அதுதான்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. குழு மாறிவிட்ட சேதியைக் கரையில் இன்னும் யாரும் சொல்லவில்லை. அது தெரிந்த இரண்டு பேரில் ஒருவர் இல்லை. பரங்கிப்பேட்டை பஸ்ஸில் ஏறினேன்.

பூவரசி அதே ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். சிதம்பரம் போய் மாமாவின் முகத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். நான் சுற்றி வளைக்கவில்லை. அந்த உறுப்பினர் மாறிவிட்டார், முதலிலிருந்து தொடங்க வேண்டும், யார் தொடங்குவார்கள் என்று தெரியாது, இந்த மழைக்கும் கல் வராது என்று சொன்னேன்.

“அண்ணன் வந்து ஒண்ணும் நடக்கலன்னு சொல்லும்போது, இன்னிக்கி நடக்கல, நாளைக்கி நடக்கும்போலன்னு இருக்கும்” என்றார் பூவரசி. “நீ சொன்னாத்தான் தம்பி, நெசமாவே நடக்காதுன்னு தெரியுது.”

 ஆறுதல் சொல்லும் குரல் எனக்கு அமையவில்லை. மாமாவிடமிருந்து நான் அதை எடுத்துக்கொள்ளவும் முடியாது. எல்லோர் மனமும் நோகாமல் பார்த்துக்கொள்ளும் அந்தக் குணமும் எனக்கு வேண்டாம், அதனால்தான் எல்லாம் கெட்டது. அடுத்த தில்லிப் பயணத்துக்கு நான் வருவேனா என்று கேட்டு, இப்போது ஒருங்கிணைப்பாளர் பொறுப்பில் இருப்பவர் போன் செய்தார். தெரியாது என்று சொல்லியிருக்கிறேன்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வெளியே படகுகள் தெரிந்தன. காற்று கொஞ்சம் ஜாஸ்தியாக இருந்தது, சந்தில் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. நான் போனை எடுக்கவில்லை. பூவரசியின் கண்ணில் படுகிற மாதிரி, கொஞ்சம் தள்ளி, மணலில் நின்றேன். அவர் திட்டவில்லை. முதல் படகு வந்தது, அடுத்தது வந்தது. சேகரின் படகு திட்டுக்கு வெளியே நின்று, அலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பூவரசி எழுந்து நின்றார்.

மாமாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இவ்வளவுதான். அந்தப் படகு உள்ளே வரும்வரை நான் அங்கிருந்து நகரவில்லை.